மூட்டு வலியா, மூட்டுக்குப் பக்கத்து வலியா? பர்சைடிஸ் வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது வயதைத் தாண்டியவர் முழங்கால் வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்வார்கள். அந்த வயதில் பலருக்கும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். “எலும்பு தேஞ்சிருக்கு, வயசாயிடுச்சில்ல” என்ற ஒரே வரியைக் கேட்டுவிட்டு வந்து, அன்றிலிருந்து மாடிப்படியைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தேய்மானம் இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வலிப்பது அந்தத் தேய்மானம்தானா என்பது வேறு கேள்வி. பலருக்கு வலி மூட்டுக்குள் இருப்பதில்லை. இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, மூட்டைச் சுற்றியுள்ள சிறு பைகளிலோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களிலோ இருக்கிறது. அந்த வலிக்கு வைத்தியம் வேறு, குணமாகும் வாய்ப்பும் அதிகம்.

அந்தச் சிறு பைக்குப் பர்சா என்று பெயர். எலும்பின் மேல் தோலோ தசைநாணோ உரசும் இடங்களில் உரசலைக் குறைக்க இருப்பது. உடம்பில் 140-க்கும் மேல் உண்டு. சாதாரண நாளில் அது காலியான பால் பாக்கெட் மாதிரி தட்டையாக, உள்ளே சில துளி வழவழப்பான நீரோடு கிடக்கும். தொடர்ந்து அழுத்தினாலோ, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாலோ, அடிபட்டாலோ அதன் உட்சவ்வு புண்பட்டு, நீர் சுரந்து வீங்கிக்கொள்ளும். அதுதான் பர்சைடிஸ்.

இதில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீக்கத்துக்கு மருந்து தேடுவதைவிட, அந்தப் பையை எது அழுத்துகிறது, எது உரசுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. ஐஸ், மாத்திரை, ஊசி எல்லாம் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தரும். காரணம் அப்படியே இருந்தால் வலி திரும்பி வந்துவிடும்.

முதல் படி: ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உள்ளங்கையால் முழங்காலை முழுசாகத் தடவிக் காட்டுவோம். அப்படிச் செய்யாமல், ஒரே விரலால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். மூட்டுத் தேய்மானம் என்றால் வலி பரவலாக, ஆழத்தில் இருக்கும். ஒரு புள்ளியைக் காட்டுவது கஷ்டம். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து, நடக்க நடக்கத் தளரும். பர்சைடிஸ் என்றால் பெரும்பாலும் ஓரிடத்தை அழுத்தியதும் “இங்கேதான்” என்று சொல்லிவிட முடியும். இன்னொரு சோதனையும் உண்டு. நீங்களாக அசைத்தால் வலிக்கிறது, ஆனால் தளர விட்டு இன்னொருவர் மெதுவாக அசைத்துக் கொடுத்தால் அவ்வளவாக வலிக்கவில்லை, முழுசாகவும் அசைகிறது என்றால், கோளாறு மூட்டுக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம்.

முழங்காலில் மூன்று இடங்களைப் பாருங்கள். சில்லுக்கு மேல், தோலுக்கு அடியிலேயே மெத்தென்று வீங்கியிருந்தால் அது முன்புறப் பை. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், மண்டியிட்டுத் தரை துடைக்கிறவர்கள், வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டே நாளைக் கழிக்கும் மெக்கானிக்குகள் என்று பலருக்கும் வரும். வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலால் நடந்து நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தவர்களுக்கும் வரலாம்.

இரண்டாவது இடம் உள்பக்கம். முழங்கால் மடியும் கோட்டிலிருந்து மூன்று விரற்கடை கீழே அழுத்திப் பாருங்கள். படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் அங்கே சுருக்கென்று வலிக்கும். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று படும் இடத்தில் உறுத்தும். எடை கூடிய பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். தேய்மானமும் இதுவும் சேர்ந்தே இருப்பதால்தான் எக்ஸ்ரேயோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மூன்றாவது, முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் வரும் பேக்கர் கட்டி. மூட்டுக்குள் ஏதோ ஒரு காரணத்தால் சுரந்த நீர் பின்பக்கம் தள்ளப்பட்டுத் தேங்குவது இது. அதனால் கட்டியை மட்டும் கவனித்துப் பயனில்லை, மூட்டையும் பார்க்க வேண்டும்.

தோளில் வலியின் இடம் ஏமாற்றும். கோளாறு தோளின் உச்சியில் இருக்கும், வலி மேல்கையின் வெளிப்பக்கத்தில் தெரியும். கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். தோள் மட்டத்தை நெருங்கும்போது வலித்து, அதைத் தாண்டி மேலே போனதும் குறைந்தால் அது பர்சாவும் அதை ஒட்டிய தசைநாணும் சேர்ந்து கொடுக்கும் வலி. இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம், பிரிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒன்றைப் பிரித்தே ஆக வேண்டும். இன்னொருவர் தூக்கினாலும் கை மேலே போகவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் கை போகவில்லை என்றால் அது தோள் மூட்டே இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது. தானாகத் தளர ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம், வைத்தியமும் வேறு. இது வந்தவர் அதுவரை சர்க்கரை பார்த்ததில்லை என்றால் அந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.

தொடையின் மேற்பகுதியில், பக்கவாட்டில் கை வைத்தால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கே அழுத்தினால் வலி, அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் தூக்கம் கெடுகிறது, ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாட்டும்போது வலி என்றால் அது தொடைப் பக்கவாட்டில் வரும் வகை. 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே அதிகம். வலி தொடை இடுக்கில், முன்பக்கம் இருந்தால் அது இடுப்பு மூட்டைச் சேர்ந்த விஷயமாக இருக்கலாம், தனியாகப் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழங்கை முனையில் முட்டை அளவுக்கு வீங்கி, பார்க்கப் பயமாக இருந்தும் வலியே இல்லாமல் இருப்பது மேஜையில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறவர்களுக்கு வரும். மணிக்கணக்கில் கெட்டியான பலகையில் உட்கார்கிறவர்களுக்குப் பிட்டத்தின் அடி எலும்பில் வரும். நெசவாளர்களின் வலியாக மருத்துவ நூல்களில் பழைய காலத்திலிருந்தே பதிவான ஒன்று அது. சம்மணமிட்டே உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களுக்குக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பின் மேல் வரும். குதிகாலின் பின்புறம், ஷூவின் விளிம்பு இடிக்கும் இடத்திலும் வரும்.

இரண்டாம் படி: வீட்டு வைத்தியத்துக்கு உரியதுதானா?

இதை முடிவு செய்யாமல் ஐஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்:

– வீக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலோ குளிரோ இருப்பது. அல்லது வீக்கத்தின் மேல் சிராய்ப்பு, முள் குத்திய காயம், வெடிப்பு இருப்பது.
– மூட்டு முழுவதும் வீங்கி, யார் அசைத்தாலும், துளி அசைத்தாலும் தாங்க முடியாத வலி.
– விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமலோ கையைத் தூக்க முடியாமலோ போவது.
– கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பது. பேக்கர் கட்டி உடைந்தாலும் இப்படி ஆகும், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும் இப்படித்தான் ஆகும். இரண்டாவது ஆபத்தானது, ஸ்கேன் பார்க்காமல் பிரித்தறிய முடியாது.

தோளிலோ கையிலோ உள்ள வலி, கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருந்து, நடந்தால் கூடி, நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ சேர்ந்தால் அது தோள் விஷயமே இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

பட்டியலில் முதலாவதாகச் சொன்ன, சிவந்து சுடும் வீக்கம் கிருமித் தொற்றின் அடையாளம். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம். முழங்கை முனையிலும் முழங்கால் சில்லிலும் பர்சா தோலுக்கு நேர் அடியில் இருக்கிறது. தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். பெரும்பாலும் அது தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு வேகமாகப் பரவும். இந்த நிலையில் தைலம் தேய்ப்பது, சூடாகப் பற்றுப் போடுவது, உருவி விடுவது எல்லாமே கெடுதல். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது துணிந்தால் தடுத்துவிடுங்கள். சுத்தமான வீக்கத்தைச் சீழ் பிடிக்க வைக்க அது ஒன்றே போதும்.

அவசரமில்லை, ஆனால் இது பர்சைடிஸ் அல்ல என்று சொல்லும் அடையாளங்களும் உண்டு. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் உட்படப் பல இடங்களில் வலித்து, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்கு வாதமா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்துபோன பிறகு எல்லா மூட்டும் வலித்தால் சிக்குன்குனியாவை நினைக்க வேண்டும்.

மூன்றாம் படி: முதல் பத்து நாள்

ஓய்வு என்றால் கட்டிலோடு கிடப்பது இல்லை. வலியைக் கிளப்பும் அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்துவதுதான் ஓய்வு. தோளை அசைக்காமல் தொட்டில் கட்டித் தொங்கவிட்டால் வலி போய் இறுக்கம் வந்து சேரும். வலிக்காத எல்லைக்குள் அசைத்துக்கொண்டே இருங்கள்.

ஐஸ் கட்டியை ஈரத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் குதிகாலிலும் கணுக்காலிலும் ஐஸ் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு, வெந்நீர் ஒத்தடமும் அவர்களுக்கு வேண்டாம். மற்றவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் அடங்கிய பிறகு, விறைப்பு மட்டும் மிச்சம் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம். எது இதமாக இருக்கிறதோ அதைச் செய்யலாம், இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றும் கிடையாது. முழங்கை, முழங்கால் வீக்கத்துக்கு எலாஸ்டிக் பேண்டேஜ் மிதமாகச் சுற்றலாம். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்திவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முழங்கால், முழங்கை, குதிகால் போன்ற தோலுக்கு அருகில் உள்ள இடங்களுக்கு டைக்ளோஃபெனக் ஜெல்லில் தொடங்குங்கள். தோலில் புண் இல்லாத இடத்தில், நாளுக்கு மூன்று நான்கு முறை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை அளவுக்கு அது தொடாது. ஆழத்தில் உள்ள தொடை மேட்டுக்கும் தோளுக்கும் அதனால் அதிகப் பயன் எதிர்பார்க்க முடியாது. வலி தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் சேர்த்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. உடல் மெலிந்தவர்கள், மது அருந்துகிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் வெகு கீழே நிறுத்த வேண்டும். மருந்துக் கடையில் “வலி மாத்திரை” என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அசிக்ளோஃபெனக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, போதவில்லை என்று மேலே ஒரு டோலோவும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு வழியில் உள்ளே போகிறது. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக், அசிக்ளோஃபெனக் வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு, சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு மட்டும் எடுக்கலாம். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் இதை மாதக்கணக்கில் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. காய்ச்சலும் இருந்து, டெங்கு இல்லை என்று உறுதியாகாத நிலையில் இந்த வகை வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்தான். அப்புறம், “ஒரே வாரத்தில் எந்த மூட்டு வலியும் பறந்துவிடும்” என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி உடனே பறக்கிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய காரணம்.

நான்காம் படி: அழுத்துவது எது?

வலி தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களை நினைத்துப் பாருங்கள். புது வேலை, புதுச் செருப்பு, வீடு வெள்ளையடித்தது, திடீரென்று ஆரம்பித்த நடைப்பயிற்சி, கல்யாண வேலையில் நாள் முழுக்க நின்றது. பெரும்பாலும் ஏதாவது ஒன்று தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால், தூங்கும்போதும் உட்காரும்போதும் உடம்பை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கேதான் பலருடைய விடை இருக்கிறது.

தொடைப் பக்கவாட்டு வலிக்கு இது ரொம்பப் பொருந்தும். வலிக்கும் பக்கம் படுத்தால் பர்சா நசுங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மறுபக்கம் படுத்து, மேல் கால் முன்னால் சரிந்து பாயைத் தொடும்படி தூங்கினாலும் அதே இடம் இழுபட்டு நசுங்கும் என்பது பலருக்குத் தெரியாது. மல்லாந்து படுங்கள். முடியாவிட்டால், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி இரண்டு கால்களுக்கும் நடுவில் கெட்டியான தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். பாயில் படுக்கிறவர்கள் அடியில் ஒரு மெத்தையோ மடித்த போர்வையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் மேல் கால் போட்டு உட்காருவதையும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உடல் பாரத்தை ஒரே இடுப்பில் சாய்த்து நிற்பதையும், குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைப்பதையும் நிறுத்துங்கள். வலிக்கிற காலை மறுபக்கம் இழுத்து நீட்டிவிடும் பயிற்சியை நல்லது என்று நினைத்துச் செய்பவர்கள் உண்டு. இந்த வலிக்கு அது எதிர்மாறான வேலையைத்தான் செய்யும்.

தோளுக்கு எதிரி, தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலை. பரணில் சாமான் ஏற்றுவது, உயரமான கொடியில் ஈரத்துணி காயப்போடுவது, ஒட்டடை அடிப்பது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. தினமும் எடுக்கும் டப்பாக்களை நெஞ்சு மட்ட அலமாரிக்கு இறக்குங்கள். கொடியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயின்டர்கள் ஸ்டூலில் ஏறி நின்றால் அதே இடத்தைத் தோள் மட்டத்தில் அடிக்கலாம். படுக்கும்போது வலிக்கும் கைக்கு அடியில் சின்னத் தலையணை ஒன்று வைத்து, கை உடம்பிலிருந்து சற்று விலகி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரவு வலிக்கு இது மாத்திரையை விட அதிகம் உதவுவதுண்டு.

முழங்காலில் முன்புற வீக்கம் உள்ளவர்கள் மண்டியிடுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. நீளமான கைப்பிடி வைத்த மாப்பு வாங்கிக் கொடுங்கள் என்று வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மண்டியிடாமல் முடியாத தொழில் என்றால், முழங்கால் பேடு கட்டாயம். ஜெல்லோ தடித்த ஃபோமோ வைத்தது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத அன்று தடித்த ஃபோமைப் பழைய துணியில் சுற்றி அடியில் போட்டுக்கொண்டாவது வேலை செய்யுங்கள். உள்பக்க வலி உள்ளவர்களுக்குத் தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குந்துவதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அரிவாள்மணைக்குப் பதில் மேஜையில் கத்தி, பூஜைக்கு ஒரு முக்காலி. வலி அடங்கிய பிறகு தரையில் உட்காருவதை மெல்லத் திரும்பத் தொடங்கலாம். தரையில் உட்காருவதே மூட்டுக்குக் கெடுதல் என்று ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டியதில்லை.

முழங்கையை மேஜையில் ஊன்றாதீர்கள், வண்டி ஓட்டும்போது ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். குதிகாலுக்குப் பின்பக்கம் மெத்தென்ற ஷூ அல்லது பின்பட்டை இல்லாத செருப்பு போதும். உட்கார்ந்து தொழில் செய்கிறவர்கள் கெட்டியான பலகையில் மெத்தை போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: தசையைப் பலப்படுத்துவது

வலி பாதியாவது அடங்கியதும் தொடங்குங்கள், முழுசாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அளவுக்கு ஒரு விதி: செய்யும்போது லேசாக வலிக்கலாம், அடுத்த நாள் காலையில் முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

முழங்காலுக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். பத்து முறை, இரண்டு வேளை. சில நாள் கழித்து நீட்டிய காலை ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. அப்புறம் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது. கடைசியாகச் சொன்னது ஒன்றை மட்டும் விடாமல் செய்தாலும் படி ஏறுவதில் வித்தியாசம் தெரியும்.

தோளுக்கு: நல்ல கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊசலாட விடுங்கள். சுவரில் விரல்களால் ஏறிப் போய், வலிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி இறங்குங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து இறுக்கி 5 விநாடி பிடிப்பது மூன்றாவது. வலி குறைந்ததும், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எலாஸ்டிக் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடை மேட்டுக்கு: சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, வலிக்கும் காலின் வெளிப்பக்கத்தைச் சுவரோடு அழுத்தி, கால் நகராமல் 10 விநாடி பிடியுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தூக்கி இறக்குவது அடுத்தது. இவை சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்த வலி உள்ள 204 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எதைத் தவிர்ப்பது என்ற அறிவுரையோடு பயிற்சியும் பெற்றவர்களில் எட்டு வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் சுமார் 77 சதவீதம். ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களில் 58, சும்மா விட்டுப் பார்த்தவர்களில் 29. ஊசி போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை யோசிக்கலாம். இந்த இடத்தில் வலிப்பது பெரும்பாலும் பர்சா மட்டும் இல்லை, பிட்டத் தசையின் நாண்தான் என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. பலவீனமான நாணுக்கு வேலை கொடுத்தால்தான் பலம் வரும்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒன்றிரண்டு முறையாவது நேரில் செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. நடமாட முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் மூன்று நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள், எந்த அசைவில் வலிக்கிறது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அவர் கேட்க மறந்துவிடலாம். எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

எக்ஸ்ரேயில் பர்சா தெரியாது. தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் போதும், எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. வீக்கத்தில் தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஊசியால் நீரை எடுத்து, கிருமியும் யூரிக் அமிலப் படிகமும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மாதக்கணக்கில் ஆறாத வீக்கம் என்றால் நம் ஊரில் காசநோயையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். யூரிக் அமிலப் படிகம் சேர்வதால் வரும் கவுட் விஷயத்தில் ஒரு குறிப்பு: வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரண அளவாகவே காட்டலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். சரியான இடத்தில், தொற்று இல்லை என்று உறுதியான பிறகு போட்டால், சில வாரங்களுக்கு நல்ல ஆறுதல் கிடைக்கும். அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் ஊசி வீண். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறும், வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். குதிகாலின் பின்புறத்தில் ஊசி என்றால் தயங்குங்கள், அங்குள்ள பெரிய தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

முழங்கையில் வலியில்லாத வீக்கத்துக்குப் பெரும்பாலும் எந்த ஊசியும் வேண்டாம். ஊன்றாமல் இருந்தால் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் தானாக வற்றும். அறுவை சிகிச்சை செய்து பையையே எடுப்பது, திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்களுக்கும் எதற்கும் மசியாத வீக்கத்துக்கும்தான். முதல் தடவையிலேயே அதைச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

உடல் எடை கூடியவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைப்பதே முழங்காலுக்குப் பெரிய விஷயம், ஒல்லியாக வேண்டும் என்று இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தொற்றையும் தோள் இறுக்கத்தையும் தள்ளி வைக்கும். புதிதாக நடைப்பயிற்சி தொடங்குகிறவர்கள் முதல் நாளே கடற்கரையை அளக்காமல், பத்து நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள்.

தொழிலால் வந்தவர்களுக்கு, வலி போன பிறகுதான் கவனம் அதிகம் தேவை. வீக்கம் வற்றியதும் முழங்கால் பேடைக் கழற்றி மூலையில் போடுவது சகஜம். நீர் வற்றினாலும் பையின் சுவர் கொஞ்சம் தடித்தே இருக்கும், அடுத்த முறை குறைந்த அழுத்தத்திலேயே வீங்கும். பேடை வேலை நாள் முழுக்க, ஒவ்வொரு நாளும் கட்டுங்கள். வியர்வையில் நனைந்த பேடைக் கழற்றித் துவைத்துக் காயப்போடுங்கள், அடியில் தோல் வெடித்திருக்கிறதா என்று மாலையில் ஒரு தடவை பாருங்கள். ஃபோம் அழுந்தித் தட்டையாகிவிட்டால் புதிதாக வாங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு அதைக் கட்டுவதும் கட்டாமல் இருப்பதும் ஒன்றுதான்.